குழந்தைகளைப் பறித்த ஆஸ்திரேலியா ஆசியாவின் பக்கம் திரும்பியது எப்படி?

பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்ததும் ஆசியாவிடம் ஆஸ்திரேலியா காட்டிய விலகலும் தனித்தனிக் கதைகளா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வெள்ளையர் நாடு என்ற கனவு.

1901இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளியிலிருந்து வந்த வெள்ளையரல்லாதவர்களைத் தடுத்தது. ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார்கள். கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம்! உள்நாட்டிலோ, ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, குறிப்பாகக் கலப்பு வம்சாவளிப் பிள்ளைகளை அரசும் தேவாலய அமைப்புகளும் எடுத்துச் சென்றன. பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்கும், பையன்கள் பண்ணை வேலைக்கும் பழக்கப்பட்டார்கள். பலருக்குப் பெயர் மாற்றப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை. 1910க்கும் 1970க்கும் இடையில் பழங்குடிக் குழந்தைகளில் 10இல் ஒருவர் முதல் 3இல் ஒருவர் வரை பிரிக்கப்பட்டதாக 1997இன் விசாரணை அறிக்கை மதிப்பிட்டது.

மாற்றத்துக்கு மனச்சாட்சியை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். 1942இல் பிரிட்டனின் தளமான சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தபோது பிரிட்டனை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. 1957இல் ஜப்பானுடன் வணிக ஒப்பந்தம். அடுத்த ஆண்டே அந்த எழுத்துத் தேர்வு ஒழிந்தது. பிரதமர் விட்லமின் அரசு 1972இல் சீனாவை அங்கீகரித்தது, 1973இல் குடியேற்றத்தில் இனப் பாகுபாட்டை நீக்கியது. 1975 ஆகஸ்டில் குரிஞ்சி என்ற பழங்குடி மக்களுக்கு அவர்களின் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகையாகத் திருப்பித் தந்தது. அடுத்த மாதமே பப்புவா நியூ கினி ஆஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெற்றது.

பறிக்கப்பட்ட குழந்தைகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்புக்கு மட்டும் 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரதமராக இருந்த ஹோவர்ட் மறுத்ததை, அவருக்குப் பின் பிரதமரான ரட் நாடாளுமன்றத்தில் செய்தார். ஆனால் 2023இல், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் பழங்குடியினர் அவையை அரசியலமைப்பில் சேர்க்கும் யோசனையை வாக்காளர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் நிராகரித்தார்கள்.