ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகும் ஊருக்கு

அன்புள்ள ஐயா,

நான் நாசரேத்துக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த கணித ஆசிரியை. மாலத்தீவில் ஒரு சிறு தீவின் பள்ளியில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஆலயம் இல்லை, ஞாயிறு வேலைநாள் என்று அறிந்ததிலிருந்து மனம் கலங்குகிறது. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் ஏசாயா 41:10 இருந்தது: “நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்.” நான் போகலாம் என்பதற்கு இதையே உறுதியாகக் கொள்ளலாமா? ஆண்டவர் என்னை மறைமுக ஊழியத்துக்கு அனுப்புகிறார் என்கிறார் சபைப் பெரியவர் ஒருவர். இரண்டே வருடம்தானே, கடன் அடைந்ததும் வந்துவிடலாம் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 28, 29 ஆம் அதிகாரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் சொன்னதை இன்றே மறந்துவிடுங்கள். இஸ்லாம் அல்லாத மதத்தைப் பரப்புவதை மாலத்தீவின் சட்டம் தடுக்கிறது. அதை அறிந்துதான் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறீர்கள். கணிதம் கற்பிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வேறொரு நோக்கத்தை ஒளித்துவைத்துப் பிள்ளைகள் முன் நிற்பதற்கு ஊழியம் என்று பெயரில்லை, பொய் என்றுதான் பெயர்.

அட்டையைப் பற்றிக் கடுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆண்டின் கடைசி இரவில், தட்டிலிருந்து அட்டையை எடுத்து, படிக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் அந்த வசனம் பயணத்துக்கான அனுமதிச் சீட்டு அன்று. ஊரையும் ஆலயத்தையும் இழந்து அந்நிய மண்ணில் கிடந்த ஜனத்துக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. ஆலயம் இல்லாத இடத்தில் உங்களுக்கு அது பொருந்தும். போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அதை விடையாக்காதீர்கள்.

என்னை உறுத்துவது உங்கள் ‘இரண்டே வருடம்’. கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். சில ஆண்டுகள் கழித்து அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னும் நின்று, இரண்டு வருஷகாலத்தில் அவர்கள் அனைவரும் திரும்பிவருவார்கள் என்றான். எரேமியாவும் அப்படியே ஆகட்டும் என்று ஆமென் சொன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அனனியா சொன்னது பொய். எரேமியா பாபிலோனிலிருந்த தம் மக்களுக்கு எழுதிய கடிதம் வேறு விதமாக இருந்தது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள், திரும்பிவர எழுபது வருஷம் ஆகும். அதே கடிதத்தின் 11 ஆம் வசனத்தை, ‘உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை’ என்று வருவதை, நம் அட்டைகளில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அதற்கு முந்தைய வசனத்தில் உள்ள எழுபது வருஷத்தை அச்சிட்ட அட்டை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. நீங்கள் இரண்டு ஆண்டில் திரும்பக் கூடாது என்று சொல்லவில்லை. நாட்காட்டியில் நாளைக் கிழித்துக்கொண்டு வகுப்பில் நிற்பவரைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுகொள்வார்கள் என்கிறேன். பெட்டியைப் பிரிக்காமலேயே இரண்டு ஆண்டுகளைக் கழிக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து போகாதீர்கள். அந்த இடத்துக்கு வேறொருவர் வரட்டும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் என் அம்மா. பேரரசர் ஹெய்லி செலாசியின் காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் ஏராளமாகப் போனார்கள். 1968இல் அம்மாவும், ஏழு வயதான என்னைக் கூட்டிக்கொண்டு, வடக்கு மேட்டுநிலத்தில் உள்ள டெஸ்ஸி என்ற ஊருக்குப் போனார். நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு என்பதால் சபையே மகிழ்ந்து ஜெபித்து வழியனுப்பியது. அங்கே ஆராதனை கீஸ் என்ற பழைய மொழியில் மணிக்கணக்காக நடந்தது. கிறிஸ்து பிறப்பு விழா ஜனவரி 7இல்தான். டிசம்பர் 25 அன்று அம்மா ஐந்து வகுப்புகளுக்கு அல்ஜீப்ரா நடத்திவிட்டு வந்து, சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றபடி ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார். இரண்டாம் சரணத்தைப் பாட முடியவில்லை. ஆலயம் இல்லாத ஊர் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். தெருவுக்குத் தெரு ஆலயம் இருந்த ஊரிலும் அம்மா அப்படித்தான் அழுதார்.

அங்கே மணிக்கணக்கு சூரிய உதயத்தில் தொடங்கும். நம் காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு மணி. இரண்டு மணிக்கு வாருங்கள் என்றதை நம்பி முதல் நாள் பிற்பகலில் போய் நின்ற அம்மாவை, தலைமையாசிரியர் எல்லோர் முன்பும் கடிந்துகொண்டார். அன்றிரவே அம்மா ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டினார். அந்தப் பெட்டியைப் பிரிக்கவைத்தது வருகைப்பதிவேடு. அங்கும் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையின் பெயர், பிறகு தகப்பனின் பெயர். நம் முன்னெழுத்து மாதிரியேதான் என்று வியந்து, இரவில் விளக்கருகே உட்கார்ந்து நாற்பது பெயர்களையும் உரக்கச் சொல்லிப் பழகினார். தெஸ்ஃபாயே என்றால் ‘என் நம்பிக்கை’ என்று பொருள் என்பதை எனக்கும் சொல்லித்தந்தார். பிறகு அவற்றை வேதாகமத்தின் பின்பக்க வெற்றுத்தாளில் எழுதிக்கொண்டார். ஆண்டுதோறும் அந்தப் பட்டியல் வளர்ந்தது.

1974 செப்டம்பரில் பேரரசர் பதவியிறக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இராணுவ அரசு மேல்வகுப்பு மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. வகுப்பறை காலியானது, நாங்கள் திரும்பினோம். 1977, 78இல் அடிஸ் அபாபாவிலும் பிற ஊர்களிலும் இளைஞர்கள் கொன்று குவிக்கப்பட்ட செய்தி வந்தபோது, அம்மா அந்தத் தாளை விரித்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தார். சாகும்வரை விடியற்காலையில் அப்படித்தான் ஜெபித்தார். எந்த வசனத்தை நம்பிக் கப்பலேறினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போகலாம். வெளிப்படையான ஆராதனைக்கு அங்கே இடமில்லை. என்ன கொண்டுபோகலாம் என்பதை ஏற்கெனவே அங்கிருக்கும் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டு, சட்டத்துக்கு உட்பட்டு நடங்கள். ஞாயிறன்று பள்ளிக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மாலத்தீவினர் பேசும் திவேஹி மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். விமானம் ஏற இன்னும் நாளிருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் எழுதுகிறபடி வாசிக்க இப்போதே பழகத் தொடங்குங்கள்.