என் உயிர், என் காசு, கவர்மென்ட்டுக்கு என்னங்க வேலை?

வாசகர் கேள்வி - பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏனுங்க, தினமும் சூலூருக்கு வண்டியில் வேலைக்குப் போறேன். ஹெல்மெட் போடலைன்னு ஆயிரம் ரூபாய் ஃபைன் போட்டுட்டாங்க. விழுந்தால் உடையறது என் மண்டை, அடுத்தவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இதில் போலீசுக்கு என்ன வந்தது?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: என் பெரியப்பா மகன் அவினாசிக்குப் பக்கத்தில் ராத்திரி நாய் குறுக்கே வந்து விழுந்தான். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. உயிர் போகவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஆறு வருஷம் பெரியம்மாதான் அவனுக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டார். அடுத்தவனுக்குத் தொந்தரவு இல்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்குப் பெரியம்மா முகம்தான் வந்தது.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 2021 முதல் தமிழக அரசே ஏற்கிறது, செலவு செய்கிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த வாதத்தில் முழுச் சம்மதம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நாளைக்கு நீங்கள் எத்தனை ஜிலேபி சாப்பிட்டீர்கள் என்று கணக்கெடுக்கவும் ஆள் வந்துவிடும். நான் பார்ப்பது வேறு. சட்டம் உங்களிடம் கேட்பது எவ்வளவு, அதனால் மிஞ்சுவது எவ்வளவு? நல்ல ஹெல்மெட் போட்டால் சாவு ஏறக்குறைய 40 சதவீதமும், தலையில் பலத்த அடி படுவது 70 சதவீதமும் குறைகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கேட்பதோ கொஞ்சம் வேர்வையும் கலைந்த தலைமுடியும்தான். அதுவும் போக, "இன்றைக்கு என் மண்டையைப் பணயம் வைக்கிறேன்" என்று யோசித்து முடிவெடுத்து யாரும் ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பதில்லை. பக்கத்தில்தானே என்று கிளம்பிவிடுகிறோம், அவ்வளவுதான். அந்த மறதிக்குத்தான் ஃபைன்.

கேள்வி: ஈமு கோழியில் பணம் போட்டவங்க பேராசையில் போட்டாங்க. அவங்களுக்காக போலீஸ், கோர்ட், அதிகாரிகள்னு நம்ம வரிப்பணத்தை ஏன் செலவு பண்ணணும்?
- ஒரு வாசகி, கோபி

பதில்: அம்மணி, எங்கள் சித்தப்பாவும் போட்டவர்தான், அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருந்துறைப் பக்கம் 2012 வரைக்கும் நடந்ததை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் கட்டினால் குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் தருவோம், வளர்த்தால் போதும், மாசாமாசம் பணம் என்றார்கள். டிவியில் நடிகர்கள் வந்து சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஆறு மாசம் சரியாகப் பணமும் வந்தது. கிணறு வற்றி, மஞ்சள் விலை விழுந்து, இருக்கிற ரெண்டு ஏக்கரை என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்த மனிதர் சித்தப்பா. ஈமு கறியை யார் வாங்குகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர் எந்தப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிப்பார்? கடைசியில் கம்பெனிகள் மூடி, பறவைகள் தீனி இல்லாமல் செத்தன. அரசாங்கமே தீவனம் போட வேண்டியதாயிற்று.

தன்னால் சரிபார்க்க முடிந்த ஒன்றில் ஒருவர் துணிந்து இறங்கினால் லாபமும் நட்டமும் அவரோடது. பவர்லூம் போடுகிறவர், கோழிப்பண்ணை வைக்கிறவர், கடன் வாங்கி போர்வெல் போடுகிறவர் எல்லாரும் நம் ஊரில் அப்படித்தான் இருக்கிறார்கள், அவர்களை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் புதிதாகக் கட்டுகிறவன் காசை எடுத்துப் பழைய ஆளுக்கு வட்டியாகக் கொடுக்கும் கணக்கு, வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அதைப் பார்ப்பதற்குத்தான் அதிகாரி. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் உண்டு. கோவையில் அதற்கென்று தனி நீதிமன்றம்கூட இருக்கிறது. என் வருத்தமெல்லாம், ரோட்டோரம் பேனர் கட்டி ஊரைக் கூட்டிப் பணம் வாங்கும்போது அந்தச் சட்டம் எழுந்து வரவில்லை, ஆள் ஓடினபிறகுதான் வந்தது என்பதுதான்.

கேள்வி: என் தம்பி பனியன் கம்பெனியில் டெய்லர். ஆன்லைன் ரம்மியில் ரெண்டு லட்சத்துக்கு மேல் விட்டுட்டான், லோன் ஆப்பில் வேற கடன். இப்போ தடை பண்ணிட்டாங்க. ஆனா அவன், "அது திறமை விளையாட்டுக்கா, கோர்ட்டே சொல்லியிருக்கு, என் சம்பளம், நான் விளையாடறேன்"ங்கறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, மாநிலச் சட்டத்தின் தடை அவற்றுக்குச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. அப்புறம் தமிழக அரசு, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் வைத்து விளையாடக் கூடாது என்று விதி போட்டது. அதை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் சரி என்றது. இரண்டு மாதம் கழித்து நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்துவிட்டது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளையாடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, சட்டம் கிடக்கட்டும். நோம்பி சமயத்தில் ராத்திரி திண்ணையில் சீட்டு ஆடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பத்து, இருபது கைமாறும். ஒருத்தன் தொடர்ந்து தோற்றால் எதிரில் இருப்பவன் முகத்திலேயே அது தெரியும், "போதும், எந்திரிச்சுப் போய்ப் படுடா மாப்ளே" என்று ஒரு மச்சானாவது சொல்லுவான். உங்கள் தம்பி கையில் இருந்த ஆட்டத்தில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. தோற்ற ஆளைத் திரும்ப இழுக்க போனஸ், ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ஒரு ஆஃபர். அந்தப் பக்கம் இருந்தது அவன் எழுந்து போகவே கூடாது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிற ஒரு கூட்டம். இந்தப் பக்கம் பதினோரு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து வந்த ஒரு பையன். இதை அவனுடைய சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவரின் பலவீனத்தில் இன்னொருவர் கல்லா கட்டுகிற இடத்தில் அரசு கட்டாயம் கை வைக்க வேண்டும், அதுவும் கல்லாவில்தான் வைக்க வேண்டும், பையன் மேல் இல்லை.

தம்பியிடம் சட்டம் பேசாதீர்கள். கடன் மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் அவனையே எழுதச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். ராத்திரி தூக்கமில்லாமல் இருந்தாலோ, ஏடாகூடமாக ஏதாவது பேசினாலோ தாமதிக்காமல் ஆலோசனை உதவி எண்களான 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள், இரண்டுமே இலவசம்.

கேள்வி: ஹெல்மெட் போடு, சீட்டாடாதே என்கிற அரசாங்கம்தானே சாராயம் விற்கிறது? கள்ளுக்கு மட்டும் தடை. இவங்களுக்கு நம்மளைக் காப்பாத்த என்ன யோக்கியதை?
- ஒரு விவசாயி, சங்ககிரி

பதில்: கோபம் நியாயமானது. மதுவிலக்கு முதலில் வந்ததே உங்கள் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ல், ராஜாஜி கொண்டுவந்தார். அதில் போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி வந்தது. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது, விற்பனை வரியும் பெயர் மாறி நிற்கிறது. முழு மதுவிலக்கு வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், கள்ளச்சாராயம் 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்ததைப் பார்த்தபிறகு கேட்க முடியாது. ஆனால் ரம்மி கம்பெனிக்கு நான் சொன்னதை அரசுக்கும் சொல்லியாக வேண்டும். குடிக்கிறவர் குறைந்தால் பட்ஜெட்டில் துண்டு விழும் என்ற நிலையில் இருக்கிற ஒருவர் குடியைக் குறைக்க மனசார வேலை செய்ய மாட்டார். கடைகளைக் குறைத்து, அந்தப் பணத்தில் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடிநோய்க்குப் படுக்கை போடட்டும். மரத்திலிருந்து இறக்கிய கள்ளை அன்றைக்கே தோட்டத்தில் விற்க அனுமதிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடறார். வெள்ளியங்கிரி ஏறியே தீருவேன்னு நிக்கறார். ஒவ்வொரு சீசனிலும் யாராவது இறந்து போறாங்க. வயசானவங்களை வனத்துறையே தடுத்துட்டா என்ன?
- ஒரு வாசகர், தொண்டாமுத்தூர்

பதில்: தடுக்கக் கூடாதுங்க. இதய நோய், மூச்சுத்திணறல் இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரிப்பது சரி, பூண்டி அடிவாரத்தில் டாக்டரை உட்காரவைப்பதும் சரி. அதற்கு மேல் ஏழு மலை ஏறி ஈசனைப் பார்ப்பது அவருடைய நாற்பது வருஷ ஆசையாக இருந்தால், அதில் கை வைக்க அரசுக்கு உரிமை இல்லை. ஹெல்மெட்டால் அவர் இழப்பது ஒன்றுமில்லை, இங்கே தடுத்தால் இழப்பது பெரிது. அவர் ஏறுவதால் யாரும் கல்லா கட்டவும் இல்லை.

டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் நீங்களும் கூடப் போங்கள். வெயில் தாழ்ந்தபிறகு கிளம்புங்கள், அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரை உங்கள் பையில் இருக்கட்டும். முதல் மலைப் படிக்கட்டிலேயே அவருக்கு நெஞ்சு அடைத்தால் திரும்பிவிடுவது என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்னாடியே அவர் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள்.