கலங்கல் தெளிய: ஜெலட்டின், தேற்றாங்கொட்டை, வெண்டைக்காய்

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் கலங்கல் பற்றிய கேள்விகளும் வந்துவிடும். இம்முறை கூடவே பீரும் வந்திருக்கிறது. தெளியும் வழி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறான். ருசி நன்றாக இருக்கிறதாம், ஆனால் கழுநீர் மாதிரி இருக்கிறது என்கிறான். ஜெலட்டின் போடலாமா? (கும்பகோணம்)

போடலாம். அங்கே சொந்த உபயோகத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. ஆனால் விடுமுறைக்கு ஊர் வரும்போது இங்கே அண்டா வைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.

19 லிட்டருக்கு அரை டீஸ்பூன் ஜெலட்டின் தூள் போதும். வாசனையும் நிறமும் சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் தூவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கிளறிக்கொண்டே 65 முதல் 70 டிகிரி வரை சூடாக்கினால் கரைந்துவிடும். கொதிக்க விடக் கூடாது, பிடிப்பு போய்விடும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். பீரைக் கலக்குவது ஈஸ்ட் மட்டுமல்ல. மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) புரதமும், அதன் உமியிலிருந்தும் கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலிருந்தும் வரும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் குளிரில் ஒன்றோடொன்று சேர்ந்து புகைமூட்டமாக நிற்கும். குளிராத பீரில் அது வெளிப்படவே செய்யாது; வெளிப்படாததை ஜெலட்டின் எப்படிப் பிடிக்கும்? ஆகவே நொதித்தல் முழுதும் அடங்கிய பிறகு, பீரை முதல் நாள் இரவே 4 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் கரைசலை ஊற்ற வேண்டும். பீரின் புளிப்பில் ஜெலட்டினுக்கு நேர்மின்னூட்டம், ஈஸ்ட்டுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக் கனத்து, இரண்டு நாளில் அடியில் படியும். மேலே தெளிந்ததைக் குழாய் வைத்து இறுத்துக்கொள்ளலாம். ஹாப்ஸ் மணம் சற்றுக் குறையக்கூடும். கோதுமை பீர் என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். அது கலங்கலாக இருக்க வேண்டியதுதான்.

ஈஸ்ட் எல்லாம் அடியில் போய்விட்டால் பாட்டிலில் நுரை எப்படி வரும்? (அதே வாசகர்)

வரும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மிச்சம் இருக்கும் ஈஸ்ட்டே போதும். சில நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

நான் சைவம். ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போடலாமா? (மன்னார்குடி, இப்போது ஆஸ்திரேலியா)

ஜெலட்டின் பன்றி, மாடு, மீன் இவற்றின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. உங்கள் தயக்கம் சரிதான். ஆனால் இனிப்பு செய்யும் கடல்பாசிக்கு அந்த நேர்மின்னூட்டம் கிடையாது. ஐரிஷ் மாஸ் என்ற செம்பாசி உண்டு. அதை மால்ட் சாறு கொதிக்கும்போதே, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் போட வேண்டும். எதுவும் வேண்டாம் என்றால் இரண்டு மூன்று வாரம் குளிரிலேயே வைத்திருங்கள். பெரும்பாலும் தானே தெளியும். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

ஆடி வந்தால் எங்கள் ஆற்றோரக் கிணறு கலங்கிவிடுகிறது. மாமியார் பானையில் தேற்றாங்கொட்டை தேய்க்கச் சொல்கிறார். பலன் உண்டா? (திருவையாறு)

உங்கள் மாமியார் சொல்வது சரி. வண்டல் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பதால்தான் நாள்கணக்கில் படியாமல் நிற்கின்றன. கொட்டையில் உள்ள புரதமும் மாவுப்பசையும் அவற்றைத் திரளச் செய்கின்றன. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை நன்றாக உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது கல்லில் இழைத்த விழுதைக் கரைத்துவிடுங்கள். இரவு வைத்தால் காலையில் அடியில் சேறு தங்கியிருக்கும். அசைக்காமல் மேல்நீரை முகந்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும், கொதிக்கவைப்பதை விட்டுவிடாதீர்கள்.

கடையில் வாங்கும்போது கண்ணைத் திறந்து பாருங்கள். எட்டியும் இதே இனத்து மரம். எட்டிக்கொட்டை தட்டையாக, வட்டமாக, பட்டுப்போன்ற சாம்பல் நிற மயிரோடு இருக்கும். ஸ்டிரிக்னின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. தேற்றாங்கொட்டை அதைவிடச் சிறியது, உருண்டையானது, வெளிறிய மஞ்சள். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். முருங்கை விதையை இடித்துப் போட்டாலும் தெளியும். படிகாரமும் ஆகும், ஆனால் குடத்துக்கு ஒரு சிட்டிகை போதும். கூடினால் துவர்க்கும்.

வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் வெண்டைக்காய்ச் சாறு ஊற்றுகிறோம். இது வெறும் வழக்கமா? (கணபதி அக்ரகாரம்)

வழக்கம்தான், காரணத்தோடு வந்த வழக்கம். வெண்டைக்காயின் கொழகொழப்பு சாற்றில் மிதக்கும் அழுக்கைச் சுற்றிக்கொள்கிறது. சூட்டில் அது கீழே படியாமல் மேலே நுரையாக ஏறுகிறது. பீரில் அடியில் தேடுவதை இங்கே மேலே தேட வேண்டும். இதை விட்டுவிட்டு ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனத் தூளைக் கொட்டி மஞ்சளாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அது நிறத்தை வெளுக்கிறதே தவிர அழுக்கை எடுப்பதில்லை. வெண்டைக்காயை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, சாறு சூடேறும்போதே ஊற்றுங்கள். திரண்டு வரும் அழுக்கைக் கொதி தளும்புவதற்கு முன்பே அள்ளிவிட வேண்டும். கொதி வந்துவிட்டால் அது உடைந்து மறுபடி சாற்றிலேயே கலந்துவிடும்.