பலிப்பதும் நிறைவேறுவதும்

கேள்வி: எங்கள் ஊரில் 28 ஆண்டுகள் தையல் கடை வைத்திருந்தேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. ரெடிமேட் கடைகள் வந்தபின் தொழில் படுத்துவிட்டது. கையில் இருந்த துணிகளையெல்லாம் தைத்து அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டு, போன வருடம் கடையை மூடினேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் மூன்றாவது முறையாக எரேமியா 29:11 வந்திருக்கிறது. என் விசுவாசக் குறைவுதான் ஆசீர்வாதத்தைத் தடுக்கிறது என்கிறார் போதகர். இந்த வசனம் எனக்கு எப்போது பலிக்கும்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் கடிதத்தில் ‘பலிக்கும்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கனவு பலிக்கும், குறி பலிக்கும் என்பது நம் பேச்சு வழக்கு. வேத வசனத்துக்கு அந்தச் சொல்லை ஒட்டவைத்தவர் நீங்கள் அல்ல, அந்த அட்டைதான் என்று நினைக்கிறேன். தட்டில் குவித்துவைத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அதில் வந்ததை அடுத்த 12 மாதங்களுக்கான பலனாக எண்ணிக்கொள்ளும் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எதிர்த்திருக்கிறேன். அதற்காகச் சந்தாவை நிறுத்தியவர்களும் உண்டு. ஆனாலும் மறுபடி சொல்கிறேன்: கூண்டுக்கிளி எடுத்துத் தரும் சீட்டைப்போல் கர்த்தருடைய வார்த்தையை நாம் நடத்தக்கூடாது.

“அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வரி உங்கள் அட்டையில் இருக்கிறது. அதற்கு முந்தின 10-ஆம் வசனம் அட்டையில் இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் தம் நல்வார்த்தையை நிறைவேறப்பண்ணுவதாகக் கர்த்தர் அங்கே சொல்லுகிறார். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துக்கொண்டு போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க வழியே இல்லை. அவரிடம்தான் வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவை என்று அந்தக் கடிதம் சொல்லிற்று.

இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் அக்காலத்தில் ஆள் இருந்தது. 28-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக பாபிலோனுக்கு அடங்கியிருப்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, பாபிலோனின் நுகமும் இப்படியே உடையும் என்றான். எரேமியாவுக்கும் அது நடந்தால் நல்லதுதான்; “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றே முதலில் சொன்னார். ஆனால் அனுப்பப்படாத வார்த்தையைச் சொல்லி ஜனங்களை நம்பவைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இன்றைய ஆசீர்வாதக் கூட்டங்களின் மேடைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உடைந்த நுகம்தான் என் நினைவுக்கு வருகிறது.

அந்த வசனத்தை எழுதினவருக்கு என்ன கிடைத்தது? 23 வருஷம் பிரசங்கித்தும் ஒருவரும் செவிகொடுக்கவில்லை என்று அவரே சொல்லுகிறார். அவருக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை. அவர் சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தரான பாருக்கு என்பவர் எழுதின சுருளை யூதாவின் ராஜா துண்டு துண்டாக அறுத்துக் கணப்புத் தீயில் போட்டான். சேறு நிறைந்த துரவில் அவரை இறக்கினார்கள். கடைசியில் அவர் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

32-ஆம் அதிகாரத்தில் ஒரு கிரயப் பத்திரம் வருகிறது. நிலப் பத்திரம் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கி.மு. 587-ஐ ஒட்டிய காலம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் கைதியாக இருக்கிறார். தகப்பனின் சகோதரன் மகன் வந்து, நகரத்துக்கு வெளியே ஆனதோத்தூரில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி கூடாரமடித்திருக்கும் பக்கத்தில் உள்ள நிலத்தை எவன் வாங்குவான்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை, இன்றைய எடைக்கு ஏறக்குறைய 200 கிராமை, தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரையிட்ட பத்திரம், திறந்த பத்திரம் இரண்டையும் அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் ஒப்படைத்தார். அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டியதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

பத்திரத்தைக் கொடுத்த பிறகே அவர் ஜெபம்பண்ணினார் என்பதைக் கவனியுங்கள். நகரம் பகைவர் கையில் விழப்போகிறதே, என்னை ஏன் நிலம் வாங்கச் சொன்னீர் என்பதுதான் அந்த ஜெபத்தின் சாரம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பணத்தை நிறுத்துக் கொடுத்திருந்தார். இதைவிடப் பெரிய விசுவாசம் எனக்குத் தெரியாது. துன்மார்க்கன் வாழ்வது ஏன் என்று 12-ஆம் அதிகாரத்தில் அவரே வழக்காடுகிறார். நீங்களும் வழக்காடலாம், அதைக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

முற்காலத்து விசுவாசிகளைப் பட்டியலிட்டபின் வரும் எபிரெயர் 11:39-ஐப் போதகருக்கு எடுத்துக் காட்டுங்கள்: “இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்.” விசுவாசமும் இருந்தது, கைக்கு ஒன்றும் வரவுமில்லை; இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. நாம் பின்பற்றுகிறவர் நகர வாசலுக்கு வெளியே அறையப்பட்டு, இன்னொருவருடைய கல்லறையில் வைக்கப்பட்டவர். அந்தக் கல்லறை வெறுமையானதால்தான் நம்பிக்கை என்ற சொல்லையே நான் எழுதத் துணிகிறேன். உங்கள் கடை மறுபடி திறக்கும் என்று அதை வைத்து வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் மறுபடி மறுபடி வாசித்தேன். மூடப்போகிற கடையில், இனி ஒரு வாடிக்கையாளரும் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும், கடைசிப் பொத்தான் வரை தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். அன்று அந்தத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது உங்களிடம் விசுவாசம் குறைவாக இருந்ததா என்று போதகரிடமே கேளுங்கள்.