ஒரு தோட்டா ‘பொட்’ என்றால், மீதமுள்ளவற்றை என்ன செய்வது?

கேள்வி: உரிமம் பெற்ற 9 மி.மீ. கைத்துப்பாக்கியால் இலக்குப் பயிற்சி செய்கிறேன். வீட்டில் நானே நிரப்பிய 50 தோட்டாக்களில் பத்தாவது, ‘பொட்’ என்ற மெல்லிய சத்தத்தோடு அடங்கிவிட்டது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. பழுதுபார்ப்பவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். மீதி 40 தோட்டாக்களை எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சுடலாமா? தெரிந்தவர் ஒருவர் தோட்டாவில் நிரப்பும் வெடிமருந்தைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து மலிவாகத் தருகிறார், வாங்கலாமா?

பதில்: இரண்டுக்கும் கூடாது என்பதே என் பதில்.

முதலில், அந்தச் சத்தம் கேட்டதும் சுடுவதை நிறுத்தினீர்களே, அதுதான் உங்கள் கையைக் காப்பாற்றியது. தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மருந்து விழாததால், கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வேகம் மட்டுமே குண்டைக் குழல் வரை தள்ளியிருக்கிறது. அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் பிதுங்கியிருக்கும் அல்லது பிளந்திருக்கும். ஆனால் எனக்குக் கவலை தருவது அந்த வெற்றுக் கூடு அல்ல, அதற்கு அடுத்த கூடு. மருந்து அளக்கும் கருவியின் வாயில் துகள்கள் அடைத்துக்கொண்டால் ஒரு கூட்டில் விழாத மருந்து அடுத்த கூட்டில் சேர்ந்து விழுவதுண்டு. கைத்துப்பாக்கிக்கான மருந்துகளில் பல, கூட்டின் பாதியைக்கூட நிரப்பாதவை. எனவே இருமடங்கு விழுந்தாலும் வெளியே வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும். சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு என்பதே 9 மி.மீ. தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட அழுத்த உச்சவரம்பு; இருமடங்கு மருந்து அதை வெகுவாகத் தாண்டிவிடும்.

எடைபோட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்பது பலரும் நம்பும் தவறான வழி. உள்ளே இருக்கும் மருந்தே ஏறக்குறைய 4 முதல் 6 கிரெயின்தான் (கிரெயின் என்பது மருந்தை அளக்கும் சிறிய எடை அலகு). வெவ்வேறு நிறுவனங்களின் பித்தளைக் கூடுகளுக்கு இடையிலேயே அதற்கு ஈடான எடை வித்தியாசம் இருக்கும். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பதும் வீண். குண்டு பிரிக்கும் கருவியால் 40 தோட்டாக்களையும் பிரித்துவிடுங்கள். வெளிவரும் மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டாதீர்கள்.

இனிமேல், மருந்து போட்ட கூடுகளை ஒரு தாங்கியில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாக் கூடுகளிலும் மருந்தின் மட்டம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தாலும் உயர்ந்திருந்தாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். தொலைபேசி மணி அடித்து எழ நேர்ந்தால், அந்த வரிசை முழுவதையும் முதலிலிருந்து பாருங்கள்.

பயந்துபோய் மருந்தைத் தோட்டா நிரப்பும் கையேட்டிலுள்ள தொடக்க அளவுக்கும் கீழே குறைக்காதீர்கள். இங்கே உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். மேக்னம் எனப்படும் அதிக வலுவுள்ள தோட்டாக்களுக்கான எச் 110, வின்செஸ்டர் 296 போன்ற மெதுவாக எரியும் மருந்துகளுக்கு, உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கும் வழக்கமான முறை செல்லாது. தயாரிப்பாளரே 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார். அதற்கும் கீழே போனால் எரிப்பு நிலையற்றுப்போய், உங்களுக்கு நேர்ந்ததைப் போலவே குண்டு குழலில் சிக்கலாம். ‘குறைவாகப் போட்டால் எப்போதும் பாதுகாப்பு’ என்று எவர் சொன்னாலும், எந்த மருந்தைப் பற்றிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

பொட்டல மருந்துக்கு வருவோம். இதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மருந்தை நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளம் காண எவராலும் இயலாது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மருந்துகளில் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் எரியும். ஒன்றுக்குப் பாதுகாப்பான அளவு மற்றொன்றுக்கு வெடிகுண்டாகிவிடும். மூல டப்பாவில், பெயரும் தொகுதி எண்ணும் அழியாமல் இருப்பதை மட்டுமே வாங்குங்கள். ‘அதே சரக்குதான்’ என்று பிரித்து விற்பவர், துப்பாக்கி வெடிக்கும்போது உங்கள் அருகில் நிற்கப்போவதில்லை. ‘கைநிரப்பு’ என்று மலிவாக வரும் தயார் தோட்டாக்களும் இதே ரகம்.

உரிமம் தரும் அலுவலகங்கள் கையொப்பத்துக்கும் முத்திரைக்கும் காட்டும் அக்கறையில் கால் பங்கை இந்த விற்பனையின் மேல் காட்டினால் போதும். எடைக்கருவி செய்பவர்களின் அலட்சியமும் பொறுக்க முடியாதது. கிராமையும் கிரெயினையும் ஒரே பொத்தானில் வைத்துவிடுகிறார்கள். ஒரு கிராம் என்பது 15 கிரெயினுக்கும் மேல். திரையில் எந்த அலகு என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்து, எடை தெரிந்த சோதனைக் கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

அந்தத் தெரிந்தவரிடம் ஏற்கெனவே மருந்துப் பொட்டலம் வாங்கியிருந்தால் அதைச் சாக்கடையில் கொட்டவோ குப்பையில் போடவோ வேண்டாம். வெப்பமும் நெருப்பும் அண்டாத இடத்தில் தனியே வைத்து, தீயணைப்புத் துறையிடம் கேட்டு ஒப்படையுங்கள்.