மானிட்டரிங் கோர்ஸில் சேரும் முன் ஓப்பன்டெலிமெட்ரியைப் பாருங்கள்

தம்பி, கடைசி வருஷத்தில் பணம் கட்டி ஒரு நிறுவனத்தின் மானிட்டரிங் டூலைப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஓப்பன்டெலிமெட்ரி படியுங்கள். ஆப் எப்படி ஓடுகிறது என்ற தகவலைச் சேகரித்து மானிட்டரிங் டூலுக்கு அனுப்பும் ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. அதற்குக் காசு தேவையில்லை.

ஒரு ஆப்பில் 'வாங்கு' பட்டனை அழுத்தினால், அந்த ரிக்வெஸ்ட் கார்ட், பேமென்ட், டெலிவரி என்று பல சர்வீஸ்களுக்குள் புகுந்து வருகிறது. எங்கோ ஓரிடத்தில் தேங்கினால், அது எங்கே என்று பிடிப்பதுதான் மானிட்டரிங் வேலை. முன்பெல்லாம் டூலை மாற்றினால் கோடில் அதற்காகச் சேர்த்ததையும் மாற்ற வேண்டியிருந்தது. 2019-ல் ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு பழைய திட்டங்கள் ஒன்றாகி ஓப்பன்டெலிமெட்ரி வந்தது. டிரேஸ் (ஒரு ரிக்வெஸ்ட் போன பாதை), மெட்ரிக் (எண்ணளவுகள்), லாக் (நடந்தவற்றின் பதிவு) மூன்றையும் ஓடிஎல்பி என்ற பொதுவான முறையில் அனுப்பலாம். எந்த டூலுக்கு அனுப்புவது என்பதை, தகவலை வாங்கி அனுப்பும் கலெக்டர் என்ற புரோகிராமின் கான்ஃபிக் ஃபைலில் மாற்றினால் போதும். நாளை நீங்கள் சேரும் கம்பெனி எந்த டூல் வைத்திருந்தாலும் இந்தப் படிப்பு வீணாகாது.

படிக்கும் வழி? அவர்களே ஒரு டெமோ தருகிறார்கள்: டெலஸ்கோப் விற்கும் கடை, பல மொழிகளில் எழுதிய சர்வீஸ்கள். டாக்கரில் (சர்வீஸ்களைத் தனித்தனி கன்டெய்னர்களாக ஓட்டும் டூல்) ஓட்டலாம். அதற்கே 6 ஜிபி ரேம் வேண்டும், லேப்டாப் தாங்காவிட்டால் காலேஜ் லேபில் கேளுங்கள். அதில் வேண்டுமென்றே கோளாறு உண்டாக்கும் சுவிட்சுகள் இருக்கின்றன. பேமென்ட்டைக் கெடுத்துவிட்டு, டிரேஸைக் காட்டும் யேகர் டூலைத் திறந்து எந்த ஸ்பேன் (டிரேஸில் ஒரு வேலைக்கான துண்டு) சிவப்பாகிறது என்று பாருங்கள். அப்புறம் ரிக்வெஸ்ட்டோடு போகும் டிரேஸ்பேரன்ட் ஹெடரைப் படியுங்கள். அதிலுள்ள 32 எழுத்து டிரேஸ் ஐடிதான் சர்வீஸ் விட்டு சர்வீஸ் போகிறது. நடுவில் ஒரு சர்வீஸ் அதை அடுத்ததற்குக் கடத்தாவிட்டால் டிரேஸ் இரண்டாக அறுந்துவிடும். ஏன் அறுந்தது என்று இன்டர்வியூவில் நீங்கள் விளக்கினால், சர்டிபிகேட்டைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றை மறைக்கக் கூடாது. புதிதாக வருபவர்களை இதற்கென்று மட்டும் எடுப்பது அபூர்வம். சப்போர்ட், டெவ்ஆப்ஸ், பேக்எண்ட் வேலை வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போவீர்கள். லினக்ஸ், நெட்வொர்க்கிங் அடிப்படை இல்லாமல் டிரேஸைப் பார்த்தாலும் புரியாது.

இதெல்லாம் செய்த பிறகும் அந்தக் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால், கலெக்டர் கான்ஃபிக் எழுதுவது சிலபஸில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.