ஓரிரவுக் கணக்கு

அன்புள்ள ஐயா,

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 19.43 லட்சமாக இருந்த வீடற்றோர், 2011இல் 17.73 லட்சமாகக் குறைந்ததாகப் படித்தேன். சென்னைக்கு வரும்போது அப்படித் தோன்றவில்லையே? காப்பகங்கள் இருந்தும் பிளாட்பாரத்தை விட்டுப் போக ஏன் மறுக்கிறார்கள்?

செல்வம், திருவாரூர்

அன்புள்ள செல்வம்,

உங்கள் கண் பொய் சொல்லவில்லை. குறைந்தது கிராமங்களில்தான். நகரங்களில் 7.78 லட்சம் 9.38 லட்சமாகக் கூடியிருக்கிறது. 2021இல் வரவேண்டிய கணக்கெடுப்பும் நடக்காததால், இந்தப் பழைய எண்ணைத்தான் இன்னமும் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதுவும் 2011 பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எடுத்த எண். நடைபாதை, மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம், ஹியூம் குழாய் (தெருவோரம் கிடக்கும் பெரிய சிமெண்ட் குழாய்) வரைக்கும் தேடிப்போய் எண்ண வேண்டும் என்பது விதி. விதியில் குறையில்லை. ஆனால் அன்றிரவு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போனவளையும், லாரியில் மூட்டை இறக்கப் போனவனையும் எங்கே போய் எண்ணுவது? ஆண் துணையில்லாத பெண் ஆள் கண்ணில் படும்படியா படுப்பாள்?

காப்பகத்துக்கு வருகிறேன். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. ஒண்டிக்கட்டைகளுக்கு நல்ல உதவிதான். ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பிளாட்பாரத்தில் இருப்பவையோ முழுக் குடும்பங்கள். (உங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம், சிலர் அங்கே மூன்றாம் தலைமுறை.)

வால்டாக்ஸ் சாலையில் ஒருநாள் விடியற்காலையில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்குள் சோற்றை வடித்துவிடும் அவசரத்தில் இருந்தார். ஜன்னல் கம்பியில் பேரனின் பள்ளிப்பை தொங்கியது. கீழே, நீலத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிய மொத்தக் குடித்தனம். மகன் ஒரு காப்பகத்துக்கும் மருமகள் இன்னொன்றுக்கும் போய்விட்டால் இந்த மூட்டையை யார் காப்பது என்றார்.

நகரின் தென்கோடியில், குடிசைவாசிகளை அரசு குடியமர்த்திய கண்ணகி நகரில் வீடு கொடுத்தால் போவீர்களா என்று கேட்டேன். உடனே போவாராம். ஆனால் மருமகளுக்குப் பூக்கடையில் நான்கு மணிக்கு வேலை தொடங்கிவிடும். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு அங்கிருந்து பஸ் உண்டா தம்பி என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்தவன்தான்.